இருவாச்சி பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை வருகிறவர்களை இருவாச்சி காட்ட அழைத்துப்போவது எனக்குப் பல வருடப் பழக்கம். சொந்தக்காரர்கள் வருவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், பக்கத்து வீட்டு அம்மிச்சிகூட ஒருமுறை வந்தார். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

1. ஏனுங்க, இருவாச்சிங்கறது பூவுங்களா, பறவைங்களா?

ரெண்டும்தான். மல்லிகைக் குடும்பத்துப் பூ ஒன்றுக்கும் இருவாட்சி என்று பெயர் உண்டு. இங்கே நாம் பேசுவது பறவையை. எழுத்தில் இருவாட்சி, பேச்சில் இருவாச்சி. நம் மலையில் இருப்பவற்றில் பெரியதைப் பெரிய இருவாச்சி என்கிறோம். மலையாளத்தில் அது மலமுழக்கி வேழாம்பல், அதாவது மலையையே முழங்க வைப்பது. அதன் குரலை ஒருமுறை கேட்டவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 95 முதல் 120 செ.மீ. வரை இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 2 முதல் 4 கிலோ. இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர். கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் இதுதான் மாநிலப் பறவை. நமக்கு மரகதப்புறா.

2. தலை மேல இன்னொரு மூக்கு உட்கார்ந்திருக்குதே, அதுக்குக் கழுத்து வலிக்காதுங்களா?

அது மூக்கு இல்லை, கொம்பு. பார்க்கத்தான் கனம். உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான், மேலே நம் நகம் மாதிரியான ஓடு. முன்னாலிருந்து பார்த்தால் நடுவில் பள்ளமும் இரண்டு பக்கமும் மேடுமாகத் தெரியும். அதனால்தான் அறிவியல் பெயரிலேயே 'பைகார்னிஸ்', இரண்டு கொம்புடையது, என்று வைத்தார்கள். இருந்தாலும் அவ்வளவு நீள அலகைத் தாங்க வேண்டுமே. இருவாச்சிகளுக்குக் கழுத்தெலும்பில் முதல் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். வேறு பறவைகளுக்கு அப்படி இல்லை.

சில சமயம் ஆண்கள் பறந்துகொண்டே கொம்போடு கொம்பு மோதும். கொம்பு எதற்கு என்று கேட்டால் துணையை ஈர்க்க, எதிராளிக்குக் காட்ட, குரலை எடுத்துக் கொடுக்க என்று பல காரணம் சொல்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவில் கொம்பு கெட்டியாக, தந்தம் போல இருக்கும் ஓர் இருவாச்சி இனம் உண்டு. அந்தக் கொம்புக்காகவே அதை வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். நம் ஊர்ப் பறவையின் கொம்பில் செதுக்க எதுவும் கிடையாது.

3. ஆண் எது, பொண்ணு எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

கண்ணைப் பாருங்கள். ஆணுக்குச் சிவப்புக் கண், பெண்ணுக்கு வெளிறிய கண். கொம்பின் முன்னும் பின்னும் கறுப்பு இருந்தால் ஆண். பைனாகுலர் இல்லாமல் தூரத்தில் வைத்துச் சொல்வது கஷ்டம்தான். இன்னொன்று, இதற்குக் கண்ணிமை முடி உண்டு. நல்ல பைனாகுலரில் அதைப் பார்த்த பிள்ளைகள் கருவியைத் திருப்பித் தரவே மாட்டார்கள்.

4. கழுத்துல மஞ்சள் பூசின மாதிரி இருக்குது. நிறமே அதுதானுங்களா?

"மஞ்சள் பூசிக்குதா சாமி?" என்று அம்மிச்சி கேட்டார். சிரிக்க வேண்டாம், சரியான கேள்வி. கழுத்துச் சிறகும் இறக்கைப் பட்டையும் பிறப்பில் வெள்ளை. வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்த எண்ணெய் மஞ்சள் நிறம். அலகாலும் தலையாலும் அதைத் தொட்டுத் தொட்டுச் சிறகில் தடவும்போதுதான் மஞ்சள் ஏறுகிறது. அலகின் பளபளப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. வாலில் மட்டும் அவ்வளவு பூசுவதில்லை. வெள்ளை வாலும் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையுமாக நிற்கும்.

5. பறந்து வரும்போது ரயில் வர்ற மாதிரி சத்தம் கேக்குமாமே, நெசமுங்களா?

நிஜம். மற்ற பறவைகளுக்கு இறக்கையின் அடிப்பக்கம் பெரிய சிறகுகளின் வேர்ப்பகுதியைச் சின்னச் சிறகுகள் மூடியிருக்கும். இருவாச்சிக்கு அந்த மூடல் இல்லை. இறக்கையை அடிக்கும்போதெல்லாம் சிறகுக்கு இடையே காற்று பீறிட்டுப் போகும். பழைய கரி எஞ்சின் கிளம்புவது போல 'ஷூ… ஷூ… ஷூ' என்று கேட்கும், அப்புறம் மிதந்து போகும்போது சத்தம் நின்றுவிடும், திரும்ப 'ஷூ… ஷூ'.

அட்டகட்டிப் பக்கம் ஒரு ஜனவரிக் காலை. பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூட வந்த பையன் "அண்ணா, லாரி வருது, ஓரமா வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான். லாரி தலைக்கு மேலே போனது. பறவையை நாங்கள் பார்க்கவே இல்லை. அந்தப் பையனுக்கு ஊர் திரும்பும்வரை பேச்சு அதுதான்.

6. எங்க ஊர்த் தோட்டத்துலயே இருவாச்சி பார்த்தேனுங்க. சாம்பல் கலர்ல, சின்னதா இருந்துச்சு. அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்களா?

குடும்பம் ஒன்று, இனம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரத்திலுமாக நான்கு இனம் உண்டு. பெரிய இருவாச்சி, மலபார் கறுப்பு வெள்ளை இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி, இந்தியச் சாம்பல் இருவாச்சி. இந்தியா முழுவதும் எடுத்தால் ஒன்பது.

நீங்கள் பார்த்தது அநேகமாக இந்தியச் சாம்பல் இருவாச்சி. அது மழைக்காட்டை நம்பி இல்லை. சமவெளியிலும் அடிவாரத்திலும் பெரிய ஆலமரம் இருக்கும் இடத்திலும் வாழும். மலபார் சாம்பல் இருவாச்சிக்குக் கொம்பே கிடையாது, வெறும் அலகுதான். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் அது இல்லை. வால்பாறையில் யாரோ பைத்தியம் பிடித்தது போலச் சிரிக்கும் சத்தம் காட்டுக்குள் கேட்டால் பயப்படாதீர்கள், அது மலபார் சாம்பல் இருவாச்சிதான்.

7. என்ன சாப்பிடுமுங்க?

முதலில் அத்தி வகைப் பழங்கள். ஆல், இச்சி, கல்லால், காட்டு அத்தி எல்லாமே இதில் அடக்கம். மற்ற காட்டு மரங்கள் ஒரு பருவத்தில் மட்டும் பழுக்கும். அத்தி வகைகள் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதம் பழுக்கும். அதனால் காட்டில் எங்கேயாவது ஒரு மரம் எப்போதும் பந்தி போட்டபடி இருக்கும். அப்புறம் காட்டு ஜாதிக்காய், குங்கிலியம், வெள்ளை அகில் போன்ற கொழுப்புச் சத்துள்ள பழங்கள். கூடு வைத்திருக்கும் காலத்தில் ஓணான், பல்லி, பூச்சி, சின்னப் பறவை, எலி என்று மாமிசமும் எடுக்கும்.

சாப்பிடும் விதத்தைப் பார்க்க வேண்டும். நாக்கு குட்டை, அலகோ முழ நீளம். நுனியில் பிடித்த பழம் தொண்டைக்கு எப்படிப் போகும்? தலையை ஒரு வெட்டு வெட்டிப் பழத்தை மேலே போட்டுத் தொண்டையில் பிடிக்கும். ஆலம்பழத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளி இப்படிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுகூடக் கீழே விழாது.

8. தண்ணி குடிக்கறதைப் பார்த்ததே இல்லைங்களே?

பெரும்பாலும் குடிக்காது. தேவையான ஈரம் பழத்திலேயே கிடைத்துவிடுகிறது.

9. பெண் பறவையைப் பொந்துக்குள்ள வெச்சுப் பூசி அடைச்சுருமாமே. எதுக்குங்க இந்தக் கொடுமை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். ஆண் அடைத்து வைப்பதில்லை. பெண் தானே உள்ளே போய்த் தானே பூசிக்கொள்கிறது. தன் எச்சம், பழச்சக்கை, பொந்துக்குள் கிடக்கும் மரத்தூள் எல்லாவற்றையும் அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிப் பூசும். காய்ந்தால் கெட்டியாகிவிடும். நடுவில் அலகு நுழையும் அளவுக்கு நெட்டுக்குத்தாக ஒரு கீறல் மட்டும் மிச்சம். பாம்பு, உடும்பு, மரநாய், குரங்கு எதுவும் உள்ளே வர முடியாது. வேறொரு இருவாச்சி ஜோடி வந்து பொந்தைப் பிடுங்கவும் முடியாது. வீட்டுக்குள் இருந்து தாழ்ப்பாள் போடுவதை யாரும் கொடுமை என்று சொல்ல மாட்டோம்.

நம் மலையில் இது டிசம்பர் கடைசி, ஜனவரியில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். ஒன்று அல்லது இரண்டு முட்டை. அடைகாக்க 38 முதல் 40 நாள். வளர்வது பெரும்பாலும் ஒரே குஞ்சு. உள்ளே இருக்கும் காலத்தில் பெண் தன் இறக்கைச் சிறகையும் வால் சிறகையும் உதிர்த்துப் புதிதாக முளைக்க வைத்துக்கொள்ளும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஆணோடு சேர்ந்து இரை தேடும். குஞ்சு உள்ளிருந்தபடியே திரும்பப் பூசிக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுக்காமல். ஆரம்பம் முதல் குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய நான்கு மாதம். ஆனைமலையில் 1990களில் ஆர். கண்ணன் நடத்திய ஆய்வு இந்தக் கூட்டு வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தது. நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அப்படி மரத்தடியில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களால் தெரிந்தது.

ஒரு மார்ச் மாதக் காலையில் தூரத்தில் மறைவாக உட்கார்ந்து ஒரு கூட்டைப் பார்த்தேன். ஆண் வந்து பக்கத்து மரத்தில் அமர்ந்து, சுற்றும்முற்றும் நெடுநேரம் பார்த்தது. அப்புறம் பொந்து வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. அலகில் ஒன்றுமே இல்லை. தலையை ஒரு குலுக்கு. தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழம் அலகு நுனிக்கு வந்தது. கீறலிலிருந்து பெண்ணின் அலகு நுனி எட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டது. திரும்ப ஒரு குலுக்கு, இன்னொரு பழம். முப்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண மறந்துவிட்டேன். கடைசியாக ஒரு மரப்பட்டைத் துண்டையும் கொடுத்தது. அதையும் வாங்கிக்கொண்டது.

10. ஆண் செத்துப்போனா பெண்ணும் குஞ்சும் உள்ளயே பட்டினி கிடந்து சாகுமாமே? வாட்ஸ்அப்ல படிச்சதும் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.

பாதி உண்மை. பூச்சு உள்ளிருந்து போட்டது என்று மேலே சொன்னேன், உள்ளிருந்தே உடைக்கவும் முடியும். பெண் கைதி இல்லை. நீண்ட நேரம் இரை வராவிட்டால் உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். ஆனால் எந்த வாரத்தில் அது நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறகு உதிர்ந்திருக்கும் நேரமாக இருந்தால் நன்றாகப் பறக்க முடியாது. தனியாக இரை தேடிக் குஞ்சை வளர்ப்பதும் கிட்டத்தட்ட ஆகாத காரியம். பெண் பிழைக்கலாம், குஞ்சு பிழைப்பது அரிது.

'கணவன் இறந்தால் உடன் உயிர்விடும்' என்று கதை கட்டிப் பரப்புகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பறவைக்கு நம் கதை வேண்டாம். ஜனவரியிலிருந்து மே வரை ஓர் ஆண் இருவாச்சியைச் சுட்டால் ஒரு குடும்பத்தின் அந்த வருடப் பிழைப்பே போகிறது. அந்த ஒரு வரி உண்மையே போதும்.

11. வாழ்க்கை முழுக்க ஒரே ஜோடிதானுங்களா? எத்தனை வருசம் இருக்கும்?

ஒரே துணையோடு வருடக்கணக்காகச் சேர்ந்திருக்கும் பறவைதான். கூண்டில் 50 வருடம் வரை இருந்ததாகப் பதிவுண்டு. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அலுவலகத்தில் வில்லியம் என்று ஓர் இருவாச்சி 1894 முதல் 1920 வரை இருந்தது. அந்தக் கழகத்தின் சின்னத்தில் இன்றும் இருவாச்சிதான். கொம்பு முழு அளவுக்கு வளரவே ஏறக்குறைய 5 வருடம் பிடிக்கும். மெதுவாக வளர்ந்து, வருடத்துக்கு ஒரே குஞ்சு பொரிக்கிற உயிர். ஒன்றை இழந்தால் ஈடுகட்ட நாளாகும்.

12. 'காட்டின் விவசாயி'ன்னு போர்டுல எழுதியிருக்குது. அது என்ன விவசாயம் பண்ணுதுங்க?

பழத்தை முழுசாக விழுங்குவதை 7ஆம் கேள்வியில் பார்த்தோம். சதை செரித்துவிடும், கொட்டை அப்படியே இருக்கும். ஆலம்பழம் மாதிரிச் சின்ன விதை எச்சத்தில் போகும். காட்டு ஜாதிக்காய் மாதிரிப் பெரிய கொட்டையைத் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கக்கிவிடும். அதற்குள் பறவை தாய்மரத்தை விட்டு எங்கேயோ போயிருக்கும். இவ்வளவு பெரிய கொட்டையை விழுங்கி, அவ்வளவு தூரம் பறந்து போடக்கூடிய பறவை நம் காட்டில் வேறு எத்தனை? மைனாவோ குக்குறுவானோ இந்த வேலையைச் செய்ய முடியாது, வாய் போதாது.

கூட்டு மரத்தடியைப் பார்த்தால் புரியும். கூட்டுக் காலம் முடிந்தபிறகு ஒருமுறை காடர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பொந்துக்கு நேர் கீழே கொட்டைகள் குவிந்து கிடந்தன. நான்கைந்து வகை. மழை பெய்திருந்ததால் பாதி முளைவிட்டிருந்தன. அவர் ஒவ்வொரு நாற்றையும் தொட்டு "இது குங்கிலியம், இது அகில், இது எங்க மொழியில சொன்னா உங்களுக்குத் தெரியாது" என்றார். விவசாயி என்பதைவிட நாற்றங்கால்காரர் என்று போர்டில் எழுதலாம் என்று தோன்றியது.

13. எங்க போனா, எப்பப் போனா பார்க்கலாமுங்க?

நம் பக்கம் என்றால் ஆனைமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த டாப்ஸ்லிப், அட்டகட்டி, வால்பாறை. அதிகாலையும் மாலை நான்கு மணிக்கு மேலும் நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை குரல் அதிகம் கேட்கும். டாப்ஸ்லிப்பில் வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியிலோ, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடோதான் காட்டுக்குள் போக வேண்டும். தனியாக இறங்கி நடக்காதீர்கள், யானை நடமாட்டம் உண்டு.

பறவையைத் தேடி ஓடுவதைவிடப் பழுத்த ஆலமரத்தைத் தேடுங்கள். கண்டுபிடித்தால் சாலையோரம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ஒரு மணி நேரம் பொறுத்தால் அது உங்களைத் தேடி வரும்.

14. கூடு இருக்கற எடத்தைச் சொன்னீங்கன்னா ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துருவேனுங்க.

சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடம் ஒரு கூட்டின் இடம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பன்னிரண்டு கேமரா. ஆண் பறவை பழத்தோடு வந்து தூரத்து மரத்தில் உட்கார்ந்தது, போனது, திரும்ப வந்தது, போனது. நான் பார்த்திருந்த இரண்டரை மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கூட்டுக்கு வரவில்லை. உள்ளே பசி. வந்தவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை, ஆளாளுக்கு ஒரே ஒரு போட்டோதான் கேட்டார்கள்.

கூட்டுக்கு வெளியே, பழ மரத்தில், சாலையிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். பதிவு செய்த குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம், ட்ரோன் வேண்டாம், படத்தோடு இடத்தைக் குறித்துப் போட வேண்டாம்.

15. எங்க தோப்புல ஆலமரம் வெச்சா பெரிய இருவாச்சி வருமுங்களா?

பொள்ளாச்சி சமவெளித் தென்னந்தோப்புக்குப் பெரிய இருவாச்சி வராது. அதற்கு உயர்ந்த மரங்கள் கூடிய மலைக்காடு வேண்டும். ஆனாலும் ஆலும் அத்தியும் வையுங்கள். பச்சைப்புறா, குக்குறுவான், குயில், மாம்பழச்சிட்டு எல்லாம் வரும். உங்கள் அதிர்ஷ்டம், அடிவாரத்துப் பக்கம் இருந்தால் 6ஆம் பதிலில் சொன்ன இந்தியச் சாம்பல் இருவாச்சியும் வரலாம். வரப்போரத்து ஆலமரத்தை 'நிழல் விழுகிறது' என்று வெட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள். இப்போது வைக்கும் கன்று அந்த அளவுக்கு வரும்போது உங்கள் பேரன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மலை மேல் எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்குப் பதில் வேறு. தேயிலைக்கு நடுவே வெறும் சில்வர் ஓக் நட்டால் இருவாச்சிக்கு உட்காரத்தான் இடம், சாப்பிட ஒன்றுமில்லை. காட்டு மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்களில் அது தாராளமாக நடமாடுகிறது. வால்பாறையில் துண்டு துண்டாக மிஞ்சிய சோலைகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் எஸ்டேட்காரர்களோடு சேர்ந்து இருபது வருடங்களுக்கு மேலாக உள்ளூர்க் காட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். பொறுமையான வேலை அது, எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

16. நீலக் கலர்ல, தலையில கறுப்புக் கொண்டையோட ஒரு பெரிய பறவை, 'வால்பாறையில் தென்பட்ட அபூர்வ இருவாச்சி'ன்னு படம் வந்துச்சுங்க. அதைக் காட்டுவீங்களா?

இந்தப் படம் எனக்கே நான்கு குழுவில் வந்தது. அது இருவாச்சி இல்லை, வால்பாறையும் இல்லை. அதன் பெயர் பெரிய நீலத் துராக்கோ. மேற்கே கினி நாட்டிலிருந்து காங்கோ, உகாண்டா வழியாகக் கென்யாவின் மேற்கு ஓரம் வரை, தெற்கே அங்கோலா வரை உள்ள ஆப்பிரிக்க மழைக்காடுகளில் மட்டும் இருக்கும். வலசை போகும் பறவையும் இல்லை. கடல் தாண்டி ஆனைமலைக்கு வர வழியே கிடையாது.

படத்தில் மயங்கியதில் தப்பில்லை, அவ்வளவு அழகு. உடம்பு முழுக்கச் சாம்பல் கலந்த நீலம், மஞ்சள் அலகுக்குச் சிவப்பு நுனி, அடிவயிறு பச்சை மஞ்சளில் தொடங்கிச் செம்பழுப்பில் முடியும், வாலில் கறுப்புப் பட்டை. நீளம் 70 முதல் 76 செ.மீ., எடை ஒரு கிலோவை ஒட்டி. துராக்கோ குடும்பத்தில் இதுதான் பெரியது. நன்றாகப் பறக்காது. கிளையில் அணில் மாதிரி ஓடித் தாவி மர உச்சிக்கு ஏறும், அங்கிருந்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிக்கொண்டு போகும். சின்னக் கூட்டமாக வாழும். பழம்தான் முக்கியம், கூடவே இலை, தளிர், பூவும் நிறையத் தின்னும். கூட்டை அடைத்துப் பூசுவதெல்லாம் கிடையாது. குச்சி அடுக்கிய மேடை, பெரும்பாலும் இரண்டு முட்டை, அப்பா அம்மா இருவரும் மாறி மாறி அடைகாக்கும்.

இன்னொரு ஆச்சரியமும் அந்தக் குடும்பத்தில் உண்டு. வேறு பல துராக்கோக்களின் இறக்கையில் இருக்கும் சிவப்பில் தாமிரம் கலந்திருக்கிறது. 1869இல் ஆர்தர் சர்ச் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். அந்த நிறப்பொருள் வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் இல்லை. நம் இருவாச்சி மஞ்சளைப் பூசிக்கொள்கிறது (4ஆம் கேள்வி), அவை சிவப்பை உடம்பிலேயே விளைய வைக்கின்றன. இந்தப் பெரிய நீலத்துக்கு மட்டும் இறக்கையில் அந்தச் சிவப்பு கிடையாது.

17. ரெண்டும் பழம் திங்குது, ரெண்டும் பெருசு, ரெண்டுக்கும் வால்ல பட்டை. சொந்தமா இருக்குமுங்களே?

இல்லைங்க. இருவாச்சிக்கு நெருங்கிய சொந்தம் நம் ஊர் வயலில் நடக்கும் கொண்டலாத்தி. நம்புவது கஷ்டம், ஆனால் உண்மை. துராக்கோ தனி வரிசை, ஆப்பிரிக்காவை விட்டு வெளியே ஒன்றுகூட இல்லை. அதே ஆப்பிரிக்கக் காட்டில் பழம் தின்னும் பெரிய இருவாச்சி இனங்களும் உண்டு, அவைதான் நம் பறவைக்குப் பங்காளி.

ஆப்பிரிக்காவுக்கும் வால்பாறைக்கும் ஓர் உறவு இருக்கிறது, அது மரத்தின் வழியாக. மீசாப்சிஸ் என்ற ஆப்பிரிக்க மரத்தைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்டார்கள். அங்கே அதன் விதையைப் பரப்புவது இருவாச்சிகள்தான். இங்கே நம் இருவாச்சியும் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுச் சோலைக்குள் போய் விதைக்கிறது. அதனால் வெளியூர் மரம் காட்டுக்குள் பெருகுகிறது. 12ஆம் பதிலில் சொன்ன நாற்றங்கால்காரருக்கு எது உள்ளூர், எது வெளியூர் என்று தெரியாது. நடும் மரத்தை நாம்தான் பார்த்து நட வேண்டும்.

18. இருவாச்சி எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொன்னாருங்க.

அப்படி மருந்து எதுவும் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் பெரிய இருவாச்சி இருக்கிறது. வேட்டையாடினாலோ, இறைச்சி, அலகு, எண்ணெய் என்று எதை விற்றாலோ வாங்கினாலோ குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடச் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மூட்டுவலிக்கு டாக்டரிடம் போங்கள்.

19. சட்டம் இருக்குது, காப்பகம் இருக்குது. அப்புறம் எதுக்குங்க அழியப்போகுதுன்னு பயப்படறீங்க?

2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவை நோக்கிப் போகும் இனமாக அறிவித்தது. சட்டத்தால் துப்பாக்கியைத் தடுக்கலாம். பொந்தைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. இருவாச்சி மரங்கொத்தி மாதிரி தானே துளைக்காது. கிளை ஒடிந்து, அந்த இடம் உளுத்து, உள்ளே இவ்வளவு பெரிய பறவை உட்காரும் அளவு குடைந்து போக மரத்துக்கு மிக நீண்ட வயது வேண்டும். 'உள்ளே கூடாகிவிட்டது, விழப்போகிறது, வெட்டிவிடலாம்' என்று நாம் முதலில் கை வைக்கும் மரம் எதுவோ அதுதான் அதற்கு வீடு. தோட்ட ஓரத்தில் அப்படி ஒரு கிழட்டு வெடிப்பலாவை வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். பொந்துக்குள் பழைய பூச்சு ஒட்டியிருந்தது.

20. மரப்பெட்டி செஞ்சு மாட்டினா கூடு வைக்காதுங்களா?

வைத்ததுண்டு. தாய்லாந்தின் தெற்கே புடோ மலையில் பிலாய் பூன்ஸ்வாட் என்ற ஆராய்ச்சியாளரின் குழு பழுதான பொந்துகளைச் சீர்செய்து, செயற்கைக் கூடும் வைத்துப் பார்த்தது. இருவாச்சிகள் குடியேறின. அதைவிட எனக்குப் பிடித்தது, முன்பு குஞ்சு திருடியவர்களையே சம்பளம் கொடுத்துக் கூட்டுக் காவலர் ஆக்கியது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் வாழச்சாலில் காடர் மக்கள் கூட்டு மரங்களைக் காவல் காக்கிறார்கள். பெட்டி நல்ல உதவி. ஆனால் சுற்றிலும் பழ மரம் இல்லாத இடத்தில் மாட்டிய பெட்டி காலியாகத்தான் தொங்கும்.

21. அடுத்த வருசமும் அதே பொந்துக்கே வருமுங்களா?

பொந்து கெடாமல் இருந்தால் பெரும்பாலும் வரும். நல்ல பொந்தை வருடக்கணக்கில் பயன்படுத்தும். நவம்பர், டிசம்பரிலேயே ஜோடியாக வந்து எட்டிப் பார்க்கும், பழைய பூச்சின் மிச்சத்தைக் கொத்திப் பார்க்கும்.

அதனால் உங்கள் எஸ்டேட்டிலோ, நடந்து போகும் வழியிலோ இருவாச்சி ஒரு மரப்பொந்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தால் மரத்தை நினைவில் வைத்துக்கொண்டு விலகிப் போங்கள். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் மட்டும் சொல்லுங்கள். மரம் எஸ்டேட் எல்லைக்குள் இருந்தால் மேனேஜரிடமும் சொல்லுங்கள், கவாத்து செய்கிறவர்களுக்கும் மரம் வெட்டுகிறவர்களுக்கும் அவர் தகவல் சொல்ல வேண்டும். மே முடியும்வரை அந்தப் பக்கம் ஆள் போகாமல் பார்த்துக்கொண்டால், ஜூன் மழையில் மரத்தடிக்குப் போய் என்னென்ன முளைத்திருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.